எடுத்து வளர்த்த பிள்ளைக்கு எந்தக் கதை?

“ரீச்சர், இதைப் பிள்ளைக்குப் பக்குவமாகச் சொல்வதற்கு ஏதாவது கதைப் புத்தகம் இருக்கிறதா?” திருகோணமலையில் பிள்ளையைத் தத்தெடுத்து வளர்க்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான். எதை என்று அவர்களும் விளக்குவதில்லை, நானும் தோண்டுவதில்லை. நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை. சனிக்கிழமைகளில் உப்புவெளிப் பக்கத்தில் ஒரு சிறிய வாசிப்பு அறையில் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறேன். இதற்கு மேல் எனக்குத் தகுதி எதுவும் கிடையாது. என் தங்கையின் மகள் தத்தெடுக்கப்பட்டவள் என்பதை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

புத்தகம் இருக்கிறது, பல வகையாக இருக்கிறது. தத்தெடுத்த பிள்ளைகளுக்கென்றே மேலைநாடுகளில் எழுதப்பட்ட படப்புத்தகங்கள் உண்டு. ஒரு விலங்கின் குஞ்சை இன்னொன்று வளர்க்கும் கதைகள் உண்டு. கர்ணனும் ஆண்டாளும் மூஸா நபியும் வரும் பழங்கதைகள் நம் கையிலேயே இருக்கின்றன. வளர்ந்த பிள்ளைகளுக்கு நாவல்கள் இருக்கின்றன. இவை எதுவும் வேண்டாமென்றால் வீட்டிலேயே ஒரு கொப்பியில் எழுதி, படம் ஒட்டிச் செய்யும் கதை இருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கி அடுக்க நம்மில் பலரிடம் வசதியில்லை. கடையில் போய்ச் சிறுவர் புத்தகம் என்று கேட்டால் முதலில் கையில் வைப்பது தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்பு. ஆகவே தெரிந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

தெரிந்தெடுப்பதற்கு நான் பார்ப்பது ஒன்றைத்தான். பெற்ற தாய் அந்தக் கதையில் எங்கே இருக்கிறார்? வளர்த்தவர்களின் அன்பைச் சொல்லாத கதை இந்த வகையில் கிடையாது, அதனால் அதை வைத்து எதையும் தரம் பிரிக்க முடியாது. தவிரவும், அன்பைப் பற்றிப் பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை. காய்ச்சல் வந்த இரவில் யார் விழித்திருந்தார் என்பது அதற்குத் தெரியும். அது கேட்க நினைப்பது வேறு. என்னைப் பெற்றவர் யார், ஏன் என்னை வைத்துக்கொள்ளவில்லை, நான் யாரைப்போல இருக்கிறேன். இந்தக் கேள்விகளைக் கேட்க இடம் கொடுக்காத புத்தகம், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், பெற்றோரின் ஆறுதலுக்காக வாங்கப்படும் புத்தகம்தான்.

மேலைநாட்டுப் படப்புத்தகங்களை எடுத்துக்கொள்வோம். இந்த வகையில் பழையது 1939இல் வாலண்டினா வாசன் எழுதிய ஒன்று. அதன் தலைப்பே ‘தெரிந்தெடுக்கப்பட்ட குழந்தை’ என்ற பொருளில் அமைந்தது. எத்தனையோ பேரிலிருந்து உன்னைத்தான் தெரிந்தெடுத்தோம் என்று சொல்லும் வழக்கத்துக்கு அது ஒரு முன்னோடி. கேட்கும்போது இனிக்கும். நம் ஊரிலும் அதைச் சொல்லாத வீடு குறைவு. ஆனால் கொஞ்சம் யோசிக்கும் பிள்ளைக்கு, தெரிந்தெடுக்கப்படுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் தன்னை விட்டுவிட்டார் என்பது புரிந்துவிடும். தெரிந்தெடுத்தவர்களின் மனம் மாறினால் என்னாகும் என்ற பயமும் பின்னாலேயே வரும். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்து எதற்கும் அடம்பிடிக்காத பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களை ஆசிரியர்கள் மெச்சுவார்கள். எனக்குக் கவலையாக இருக்கும்.

1996இல் ஜேமி லீ கர்ட்டிஸ் எழுதி லாரா கார்னெல் படம் வரைந்த புத்தகம் இதைவிடப் பல படி மேல். நான் பிறந்த இரவைப் பற்றி மறுபடி சொல்லுங்கள் என்று பிள்ளைதான் அதில் கேட்கிறது. நடுஇரவில் தொலைபேசி அழைப்பு, விமானப் பயணம், மருத்துவமனை என்று கதை போகிறது. பெற்ற தாய் மிகவும் இளவயதினர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று ஒரு வரியில் வருகிறார். ஒரு வரிதான், ஆனாலும் வருகிறார். அந்த வரிக்காகவே நான் அதை மதிக்கிறேன்.

நமக்குச் சிக்கல் வேறோர் இடத்தில். அந்தப் பிள்ளைக்கு விஷயம் ஏற்கனவே தெரியும், தெரிந்ததை மறுபடி கேட்டு மகிழ்கிறது. மேலைநாட்டுக் கதைகள் பலவற்றில் பிள்ளையும் பெற்றோரும் பார்வைக்கே வேறாக இருப்பார்கள். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்தே ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அதில் நடந்த மோசடிகள் வெளியே வந்து, 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. அப்படிப் போன பிள்ளையிடம் யாரும் எதையும் மறைத்திருக்க முடியாது, கண்ணாடி சொல்லிவிடும். இங்கே நிறமும் ஒன்று, பேச்சும் ஒன்று. மறைக்கலாம் என்பதால் மறைக்கிறோம். இலங்கையில் சட்டப்படியான தத்தெடுப்பு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நீதிமன்ற ஆணையோடு நடக்கிறது. அந்த ஆணையும் சான்றிதழும் அலுமாரியின் மேல்தட்டில் சேலைகளுக்கு அடியில் ஒரு கோப்புக்குள் கிடக்கும். கலியாண வீட்டில் ஒரு மாமி வாய் தவறி உளறுவார், அல்லது தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயதில் பிள்ளையே கோப்பைத் திறக்கும். பதினைந்து வயதில் கடதாசியிலிருந்து அறிந்துகொள்வதைவிட நான்கு வயதில் கதையிலிருந்து அறிந்துகொள்வது எவ்வளவோ மேல். ஆகவே நமக்குத் தேவையானது, தெரிந்ததைக் கொண்டாடும் புத்தகம் அல்ல. பேச்சை ஆரம்பித்து வைக்கும் புத்தகம். தத்தெடுப்பையே நேராகப் பேசும் அந்த மேலைநாட்டுப் புத்தகங்கள் இரண்டாவதாக வரட்டும்.

பேச்சை ஆரம்பிக்க விலங்குக் கதைக்கு நிகர் இல்லை. பிள்ளை தன்னைப் பற்றிப் பேசாமலே தன்னைப் பற்றிப் பேச முடியும். ஆனால் எல்லா விலங்குக் கதையும் ஒன்றல்ல. கெய்கோ கசாவின் சோக்கோ, 1992இல் வந்தது, ஒரு சின்ன மஞ்சள் பறவை. அம்மாவைத் தேடிப் போகிறது. ஒட்டகச்சிவிங்கியும் மஞ்சள், ஆனால் சிறகில்லை. பென்குயினுக்குச் சிறகுண்டு, ஆனால் கன்னம் இப்படியில்லை. கடைசியில் ஒரு கரடி அம்மா அதைக் கட்டியணைத்து, பாடி ஆடி, வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். அங்கே முதலைக்குட்டியும் பன்றிக்குட்டியும் நீர்யானைக்குட்டியும் அவரை அம்மா என்று அழைக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளை கைகொட்டிச் சிரிக்கும். உருவம் ஒத்திருக்க வேண்டியதில்லை என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. ஆனால் சோக்கோவை முட்டையிட்ட பறவை எங்கே? கதை அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை, சோக்கோவும் கேட்பதில்லை. சின்னப் பிள்ளைக்கு இது போதும். ஐந்து வயதில் போதாது.

ஜானல் கேனனின் 1993ஆம் ஆண்டுப் புத்தகம் ஒரு பழந்தின்னி வௌவால் குட்டியைப் பற்றியது. ஆந்தை தாக்கியதில் தாயின் பிடியிலிருந்து நழுவிப் பறவைக் கூடொன்றில் விழுகிறது அந்த ஸ்டெல்லாலூனா. பறவை அம்மா மற்றக் குஞ்சுகளோடு சேர்த்து வளர்க்கிறார். ஆனால் தலைகீழாகத் தொங்கக் கூடாது, பூச்சி தின்ன வேண்டும் என்று நிபந்தனை. குட்டி குமட்டிக்கொண்டு தின்கிறது. பிறகொரு நாள் வௌவால் கூட்டத்தைக் காண்கிறது, தாய் அடையாளம் கண்டுகொள்கிறார், கூடப்பிறவாத பறவைச் சகோதரர்களோடும் உறவு தொடர்கிறது. பெற்றவர் கதையில் இருக்கிறார், வளர்த்தவர் இருக்கிறார், பிள்ளையின் உடம்பு தானாகவே ஒரு பக்கம் இழுப்பதும் இருக்கிறது. வௌவால் நம் பிள்ளைகளுக்கு அந்நியமும் இல்லை, கொய்யா பழுத்தால் மாலையில் முற்றத்துக்கே வரும்.

இதை நான் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டிய ஒரு சனிக்கிழமை, மற்றப் பிள்ளைகள் தலைகீழாகத் தொங்கிக் காட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். என் தங்கையின் மகள், அப்போது ஆறு வயது, வௌவால் தாயோடு சேர்ந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “பெரியம்மா, அந்தப் பறவை அம்மா அழவில்லையா?” என்று கேட்டாள். அவளுக்கு விஷயம் தெரியும், சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்தார்கள். ஆனாலும் அவள் கவலை, தான் பெற்ற தாயைப் பற்றி நினைத்தால் வளர்த்த தாய்க்கு வலிக்குமோ என்பதாக இருந்தது. கதை அந்தப் பறவை அம்மாவைப் பின்னால் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பிள்ளை கண்டுகொண்டது. கதவோரம் நின்ற என் தங்கை உள்ளே வந்து, “அழுதிருப்பார். பிறகு வௌவாலைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்” என்றாள். எந்த நிபுணரும் இதைவிட நல்ல பதிலைச் சொல்லியிருக்க முடியாது. இப்படியொரு பேச்சுக்கு இடம்விட்டதற்காகவே விலங்குக் கதைகளில் என் வாக்கு வௌவாலுக்கு.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்பவையும் இதே கூட்டத்தில் இருக்கின்றன. ஆண்டர்சனின் வாத்துக்குஞ்சுக் கதை 1843இலிருந்து உலகத்தைச் சுற்றிவருகிறது. எல்லோரும் கேலிசெய்த குஞ்சு கடைசியில் அன்னமாகி அன்னங்களோடு சேர்கிறது. கேலிக்கு ஆளான பிள்ளைக்கு அது ஆறுதல், தத்துப் பிள்ளைக்கு அது வேறு சேதி சொல்கிறது. வளர்ந்த வீடு உன் வீடல்ல, இரத்தம் உன்னை ஒருநாள் அழைத்துக்கொள்ளும். நம் பங்குக்கு நாம் சொல்லும் காகமும் குயிலும் கதை இன்னும் மோசம். காகத்தின் கூட்டில் வளரும் குயில் குஞ்சு வாயைத் திறந்ததும் காகம் கொத்தித் துரத்துமாம். குயில் காகக் கூட்டில் முட்டையிடுவது உண்மை. மீதியை ஒரு பிள்ளையைக் குத்திக்காட்டுவதற்கென்றே வளர்த்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளை தத்துப் பிள்ளை என்று தெரியாத வகுப்பறையில் அதைச் சொல்லாமலிருப்பது நல்லது.

இனி நம் பழங்கதைகள். காசு செலவில்லை, அம்மம்மாவுக்கே தெரியும், பிள்ளை கோயிலிலும் பள்ளியிலும் எப்படியும் கேட்கப்போகிறது. அதனால்தான் இவற்றில் அதிகக் கவனம் வேண்டும்.

கர்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பெரியவர்கள் கொடையைச் சொல்லித் திளைப்பார்கள். கிழக்கு மாகாணத்தில் அவன் கதை கூத்தாகவே ஊறியது. 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றிய வடமோடிக் கூத்தும் கர்ணன் போர்தான். தத்துப் பிள்ளையின் கண்ணால் அதே கதையைப் பாருங்கள். அரங்கில் வில்லோடு நிற்கிறவனிடம் உன் குலம் என்ன, உன் தந்தை யார் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார்கள். வியர்வையோடு ஓடிவரும் வளர்ப்புத் தந்தை, தேரோட்டி அதிரதனைக் கர்ணன் வணங்குகிறான், பீமன் சிரிக்கிறான். பள்ளிக்கூட மைதானத்தில் இது நடக்காது என்று யாரால் சொல்ல முடியும்? பெற்ற தாய் வருகிறார், ஆனால் போர் நெருங்கிய பிறகே வருகிறார், கேட்க வேண்டியிருப்பதால் வருகிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுப்பது கொடுமை.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கொடுக்கலாம். அப்போதும் நாம் வழக்கமாக விழுங்கிவிடும் ஒரு பகுதியைத் திருப்பிச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கண்ணன் பிறப்பு இரகசியத்தைச் சொல்லி, பாண்டவர் பக்கம் வா, அரசு உனக்கு என்று அழைக்கிறபோது, வியாசரின் கர்ணன் தன்னை வளர்த்த தாய் ராதையைப் பற்றித்தான் பேசுகிறான். என்னைக் கண்டதும் அவளுக்குப் பால் சுரந்தது, என் மலசலத்தை எடுத்தவள் அவள், அவளுக்கு நான் செய்ய வேண்டியதை எப்படி விடுவேன் என்கிறான். நாம் குந்தியின் கண்ணீரைப் பாடிப் பாடி ராதையைப் பெயரளவில்கூட மறந்துவிட்டோம். தத்தெடுத்த தாய்மார் கர்ணன் கதைக்குப் பயப்படுவதற்குப் பாதிக் காரணம் இந்த மறதிதான். ராதையோடு சேர்த்துச் சொன்னால், பெற்றவரைக் கண்டுபிடிப்பதும் வளர்த்தவரைப் பிரிவதும் வேறு வேறு என்பது பிள்ளைக்கு விளங்கும்.

ஆண்டாள் கதை மென்மையானது, எல்லோரும் விரும்பிச் சொல்வது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுக்கிறார். எனக்கு இதில் பிடித்தது ஆண்டாளைவிடப் பெரியாழ்வார். கண்ணனை வளர்த்த யசோதையாகத் தன்னை நினைத்துத் தாலாட்டுப் பாடியவர், தானும் ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தவர். ஒரே மகள் எனக்கு, திருமகளைப்போல வளர்த்தேன், திருமால் கொண்டுபோய்விட்டான் என்று பாடும்போது எந்தத் தகப்பனும் கரைவார். தத்தெடுத்த அப்பாக்களுக்கு இதைக் கட்டாயம் சிபாரிசு செய்வேன். பிள்ளைக்கோ பாதிதான் உதவும். துளசியடியில் கிடைத்த குழந்தைக்குப் பெற்ற தாயே இல்லை. உழவுசாலில் கிடைத்த சீதைக்கும் அதே கதை. “நானும் மண்ணிலிருந்தா வந்தேன்?” என்று கேட்கிற பிள்ளைக்கு ஆண்டாளிடம் பதில் கிடையாது. கோணேசர் தந்த பிள்ளை என்று நம் வீடுகளில் சொல்வதும் இந்த இனம்தான். நேர்த்தி வைத்தவர்கள் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு பெண்ணைக் கதையிலிருந்து துடைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

முருகனைக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் வளர்த்த கதையை வெருகல் திருவிழாவுக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே சொல்லிவிடலாம். ஒரு சாமிக்கே இத்தனை அம்மா என்றால் தனக்கு இரண்டு பேர் இருப்பதில் பிள்ளைக்கு என்ன கூச்சம்?

பழங்கதைகளில் எல்லாவற்றையும்விட நான் மேலே வைப்பது மூஸா நபியின் குழந்தைப் பருவத்தை. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தது, கிறிஸ்தவப் பிள்ளைகள் மோசே என்று அறிவார்கள், சைவப் பிள்ளைகளுக்கும் சொல்லலாம். இங்கே தாய் இருக்கிறார், அவர் ஏன் பிள்ளையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டார் என்பதும் இருக்கிறது. ஆண் குழந்தைகளைக் கொல்லும் அரசன் ஒருவன் ஆட்சியில் பிள்ளை உயிரோடிருக்க வேறு வழியில்லை. குர்ஆன் சொல்கிறபடி அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிடுகிறது. சகோதரி கரையோரம் தொடர்ந்து போய்ப் பார்க்கிறாள். அந்த அரசன் பிர்அவ்னின் மனைவி பிள்ளையை எடுத்து வைத்துக்கொள்கிறார். பிள்ளை யாரிடமும் பால் குடிக்க மறுக்க, பெற்ற தாயே பாலூட்ட வருகிறார். விட்டது வெறுப்பால் அல்ல, எடுத்தது இரக்கத்தால், இரண்டு பெண்களும் ஒரே பிள்ளையைத் தூக்கியிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரே எச்சரிக்கை, சின்னப் பிள்ளைக்கு அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். வளர்ந்த வீட்டோடு பகை மூண்டு கடல் பிளக்கும் பகுதிக்கு இன்னும் சில வருடம் பொறுக்கலாம்.

முஸ்லிம் குடும்பங்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. வளர்ப்புப் பிள்ளையை அதன் சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. ஆகவே நீதிபதி புதுப் பெயர் கொடுத்ததும் எல்லோரும் கேக் வெட்டி மகிழ்ந்தார்கள் என்று முடியும் மேலைநாட்டுக் கதையைக் கிண்ணியா வீடொன்றுக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை. அங்கே பிள்ளையின் பெயரே பாதி உண்மையைச் சொல்லி வைத்திருக்கிறது. மற்ற நம் வீடுகளைவிட அவர்களுக்கு இந்த விஷயத்தில் வேலை குறைவு என்றுகூடச் சொல்வேன்.

திருகோணமலைக்கே சொந்தமான ஒன்றும் உண்டு, பலர் அதை இந்தக் கோணத்தில் நினைப்பதில்லை. கோணேசர் கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் குளக்கோட்டன் என்ற அரசனோடு சேர்த்துப் பேசுகிறோம் அல்லவா, அவன் மணந்த ஆடகசவுந்தரி எடுத்து வளர்க்கப்பட்டவள். கலிங்கத்தில் பிறந்து, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, இங்கே கரையொதுங்கி, உன்னாசகிரி அரசன் கையில் வளர்ந்து, பிறகு தானே அரசியானாள் என்பது ஐதிகம். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையில் நின்று கடலைக் காட்டியபடி சொன்னால் பத்து வயதுப் பிள்ளை வாயைப் பிளந்து கேட்கும். இது வரலாறல்ல, ஐதிகம்தான். நான் கேட்ட வடிவங்களில் பெற்ற தாய்க்குப் பேச்சே கிடையாது, அந்தக் குறையைச் சொல்பவர்தான் நிரப்ப வேண்டும். ஆனாலும் குளத்தின் கதையில் நம்மைப்போல ஒருத்தி இருந்தாள் என்ற பெருமிதம் ஒரு பிள்ளைக்குச் சின்ன விஷயமல்ல.

நாவல்களை நான் வேகமாகக் கடக்கிறேன், ஏனென்றால் அந்த வயதில் பிள்ளை தானே தேடிக்கொள்ளும். ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளைக்கு மொன்ட்கோமரியின் 1908ஆம் ஆண்டு ஆன், பதினொரு வயதில். பையன் வேண்டுமென்று கேட்டவர்களிடம் தவறுதலாக அனுப்பப்பட்ட பெண் பிள்ளை அவள், பேசிப் பேசியே வீட்டைத் தனதாக்கிக்கொள்கிறாள். பதின்மூன்றுக்கு மேல், கத்தரின் பேட்டர்சனின் 1978ஆம் ஆண்டு கில்லி ஹாப்கின்ஸ். ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டேயிருக்கும் இந்தக் கோபக்காரி பெற்ற தாயை நினைத்து நினைத்து ஒரு தேவதையைக் கட்டி வைத்திருக்கிறாள். தாய் வரும்போது அவர் தேவதையில்லை. விரும்பி வரவும் இல்லை. கண்ணீர் துடைக்கும் முடிவைத் தராத புத்தகம் அது. பெற்றவரைத் தேடிப் போக நினைக்கும் பிள்ளைக்கு இதைவிட நேர்மையான முன்னறிவிப்பு வேறில்லை. அடம்பிடிக்காத ‘நல்ல பிள்ளைகளுக்கும்’ கொடுக்கலாம், கோபப்படலாம் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

கடைசி வகை, வீட்டில் செய்யும் கொப்பி. ஒரே ஒன்றுதான் முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். வேண்டியது ஒரு சி.ஆர். கொப்பி, பசை, சில படங்கள். என் தங்கை வீட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் கிளினிக் கார்டிலிருந்து எடுத்த பிறப்பு நிறை எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே அதே நிறைக்கு எத்தனை மாம்பழம் என்று வரைந்திருக்கிறாள். பிள்ளை அதைத்தான் அடிக்கடி திறந்து பார்க்கும். தான் தோட்டத்தில் கிடைக்கவில்லை, கடலில் வரவில்லை, நிறை நிறுத்துப் பதியப்பட்ட ஒரு குழந்தையாகப் பிறந்தவள் என்பது அதில் இருக்கிறது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. உன்மேல் மிகவும் அன்பு இருந்ததால்தான் உன்னைக் கொடுத்தார் என்று எழுத வேண்டாம். அன்பு வைத்தால் கொடுத்துவிடுவார்கள் என்று பிள்ளை கணக்குப் போடும், நீங்கள் அன்பாக இருக்கும் ஒவ்வொரு முறையும் பயப்படும். அந்தத் தாயால் அப்போது எந்தக் குழந்தையையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று எழுதுங்கள். குற்றம் பிள்ளையிடம் இல்லை என்பது அதில் விளங்கும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். உன்னைப் பெற்ற அம்மாவின் முகம் எங்களுக்குத் தெரியாது, ஒருவேளை உன் புருவம் அவருடையதாக இருக்கலாம் என்ற ஒரு வரி, பொய்யாக எழுதும் ஒரு முழுப் பக்கத்தைவிட மேல். ஒரு பக்கத்தை வெறுமையாக விடுங்கள், பிள்ளை வளர்ந்ததும் தானே எழுதும்.

கொப்பியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது நேராக முகத்தைப் பார்த்துப் பேசுவது. ஒளிந்துகொள்ள இடமில்லை. சில நாள் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிக் கேட்கவே பிடிக்காது, அன்றைக்கு வௌவால்தான் உதவும். பொது நூலகத்துக்கோ என் வாசிப்பு அறைக்கோ கொப்பி ஏற்றதல்ல, அது அந்தப் பிள்ளையின் சொத்து. விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். காட்டலாமா என்று பிள்ளையிடம் முதலில் கேளுங்கள்.

எழுத வராது என்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுக்கலாம், அவற்றின் உரிமம் சொற்களை மாற்றி எழுதவும் இடம் தருகிறது. குட்டி விலங்கொன்றின் கதையை எடுத்து, பெற்ற தாயைப் பற்றி இரண்டு வரி சேர்த்துக்கொள்ள யாராலும் முடியும்.

ஆகவே என் வரிசை இது. மூன்று வயதிலிருந்து கொப்பி, கூடவே சோக்கோ. ஐந்து வயதில் வௌவால், ஆறேழில் மூஸா நபி, கோயிலுக்குப் போகும் வீடென்றால் முருகனும். பத்தில் ஆடகசவுந்தரி, பன்னிரண்டில் ராதையோடு கர்ணன், அதற்கு மேல் கில்லி. பிள்ளைக்கு இன்னும் எதுவும் சொல்லப்படவில்லை, வயதும் எட்டு ஒன்பது ஆகிவிட்டது என்றால் வரிசையைக் குலைத்து வௌவாலிலிருந்து தொடங்குங்கள், ஒரு மாதத்துக்குள் கொப்பிக்கு வந்துவிடுங்கள். கதையைச் சொல்லிவிட்டு உண்மையைச் சொல்லாமல் இழுத்தடிப்பது கதையையும் பழுதாக்கும்.

இந்த வரிசைக்குள் அடங்காத பிள்ளைகள்தான் இங்கே அதிகம் என்பதையும் அறிவேன். நீதிமன்றத்துக்கே போகாமல் பெரியம்மா வீட்டில் வளரும் தங்கை பிள்ளை, தாய் வளைகுடா நாட்டில் வேலைக்குப் போயிருப்பதால் அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளை. 2004 சுனாமியிலும் 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கத்து இடம்பெயர்விலும் உறவினர் கைக்கு மாறி வளர்ந்தவர்கள் இன்று தாங்களே பெற்றோராக என் வாசிப்பு அறைக்கு வருகிறார்கள். பெற்றவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து, சித்தி என்று அழைக்கப்பட்டு, திரும்பிப் போகும் வீட்டைப் பற்றி எந்தப் படப்புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. அவர்களுக்குக் கொப்பி ஒன்றே வழி. அதில் ஒரு பக்கத்தை அந்தச் சித்தியே தன் கையால் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் யாரும் திருத்த வேண்டாம்.